கடலுக்குப் போகும் ஒழுங்கை

அக்கா,

இன்று காலை வான் வண்டியின் கதவைத் திறந்ததும் தோடம்பழத் தோலின் வாசம் வந்தது. பெற்றோல் மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. காணி பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு பழத்தை உரித்து, தோலை முன் கண்ணாடிக்குக் கீழே போட்டுவிடுவீர்கள். இன்று என் மகள் போட்டிருக்கிறாள். வானை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

நாம் இருவரும் சேர்ந்து காணி வாங்கி விற்ற காலத்தில், தலைமன்னார் வீதியில் எத்தனை தரம் போய் வந்திருப்போம். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாகக் கிடக்கும். எது கடல், எது வானம் என்று தெரியாது. நடு வீதியில் கழுதைகள் நிற்கும். “ஹோன் அடியாதை தம்பி, அதுகள் ஏதோ யோசிச்சுக்கொண்டு நிக்குதுகள்” என்பீர்கள். அவை நகரும்வரை காத்திருப்போம்.

அந்தக் கரையோரக் காணியும் அப்படியொரு பயணத்தில்தான் கிடைத்தது. பெரும்பகுதியைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு விடுதி கட்ட விற்றோம். ஓரத்தில் ஒரு துண்டை உங்கள் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டீர்கள். “சமைக்கிற குசினி யன்னல் கடலைப் பாக்கவேணும்” என்று மணலில் தடியால் கீறிக் காட்டினீர்கள். காற்று அதை அழிக்க, சிரித்துக்கொண்டே திரும்பவும் கீறினீர்கள்.

வாங்கியவர் முட்கம்பி அடித்தார். மீன்பிடிக் குடும்பங்கள் காலங்காலமாக வலை சுமந்து போன நடைபாதை அதற்குள் அகப்பட்டுவிட்டது. காணி உறுதிப் பத்திரத்திலும் வரைபடத்திலும் அப்படியொரு பாதையே இல்லை. அடுத்த நாள் நம் இருவரின் படமும் முகநூலில் வந்தது. ‘கடலை விற்ற அக்காவும் தம்பியும்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். நாம் காணி வியாபாரம் நடத்திய கந்தோரின் வாசலில் சனம் கூடி நின்றது.

“கந்தோரைப் பூட்டிப்போட்டு, கொஞ்ச நாளைக்குக் கொண்டச்சி ஊரில போய் இருப்பம் அக்கா. சட்டப்படி எங்களில பிழை இல்லை.”

“சட்டத்தை ஆர் கேட்டது? அந்தச் சனம் எதால கடலுக்குப் போறது?”

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வளவில் நீங்களாகவே போய் நின்றீர்கள். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

“எங்கட பாதையையும் சேத்தோ வித்தனீங்கள்?”

“ஓம். தெரியாமல் வித்துப்போட்டம். வாங்கினவரைக் கேட்டுப் பாத்தனான், அவர் விடமாட்டாராம். பக்கத்தில என்ர துண்டு கிடக்கு. அதால போங்கோ.”

“எழுதித் தருவீங்களோ?”

“நாளைக்கே தாறன்.”

எழுதியும் கொடுத்தீர்கள். முகநூலில் அதை நாடகம் என்றார்கள். நெடுநாள் ஒருவரும் நம்மிடம் காணி கேட்டு வரவில்லை. கோபத்தில் நான் உங்களோடு கதைக்காமல் வான் ஓட்டினேன். நீங்களோ யன்னலில் தலை சாய்த்து, நிம்மதியாக நித்திரை கொண்டீர்கள். நோய் வந்து உங்களைக் கொண்டுபோகும்வரை வாடகை வீட்டில்தான் இருந்தீர்கள். அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண் செத்தவீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன சோளகக் காற்றுக் காலத்தில், நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒழுங்கைப் பக்கம் போனேன். மணல் முழுக்கக் காலடிகள். நீங்கள் குசினி கீறிய இடத்தில் பெண்கள் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். வெயிலில் அவர்களின் முகங்கள் கரைந்து கரைந்து தெரிந்தன. அவர்களுக்கு நடுவே நீங்களும் இருந்து கதைப்பது போலிருந்தது. கிட்டப் போனால் இல்லாமல் போய்விடுவீர்கள் என்று எட்டவே நின்றேன்.

இப்போதும் காணிதான் விற்கிறேன், அக்கா. ஆனால் எந்தக் காணியையும் அளக்கமுதல் அதன் ஓரத்தில் ஒரு பின்னேரம் இருந்து பார்க்கிறேன். போன கிழமை அரிப்புக் கிராமத்தில், வாங்க வந்தவர் அவசரப்பட்டார்.

“ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?”

சைக்கிளில் மீன் கூடை கட்டிய ஒரு கிழவர் காணிக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தார்.

“இதால ஆக்கள் போயினம். பாதை விட்டுத்தான் விப்பன்.”

வந்தவர் காரில் ஏறிப் போய்விட்டார். கிழவருக்கு வழி விட்டு நான் ஒதுங்கி நின்றேன்.