ஐந்தாம் பிரிவில் இருந்தது

ஆகஸ்ட் 29, 2025, வெள்ளி

வில்லியனூர் சர்க்கரை கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். இன்றுதான் எனக்கு மேலே இருக்கும் அன்புராஜ் சார் உருப்படியாக ஒரு வேலை கொடுத்தார். மாதத்தின் முதல் திங்கள் இலவச ரத்தப் பரிசோதனை. அன்று காலை ஆறு மணிக்கு "இன்று வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று கம்ப்யூட்டரே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டும். "உள்ளயே கையேடு இருக்கு, படிச்சுட்டு செய்மா" என்றார். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது crontab; கையேட்டைக் காட்டுவது man. man crontab அடித்து வரி விடாமல் படித்தேன். நேரத்தை எப்படிக் குறிப்பது என்று மட்டும் அதில் இல்லை. எனக்குத் தெரியாததா? முதல் திங்கள் எப்படியும் முதல் ஏழு நாளுக்குள் வந்துவிடும்; தேதி 1-7, கிழமை திங்கள் என்று போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஆறு மணிக்கு டாண் என்று போயிற்று. பெருமை தாங்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றும் போயிருக்கிறது.

உறுவையாற்றிலிருந்து வரும் காசம்மாள் நேற்றே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர். மறுபடி கூப்பிடுகிறோம் என்று நினைத்துச் சாப்பிடாமல் பஸ் ஏறி, வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். "நீங்கதானம்மா துன்னாத வரச் சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "படிச்சியா இல்லியா?" படிச்சேன் சார், சத்தியமா படிச்சேன்! நம்பவில்லை. இனி அவரே கையால் அனுப்புவாராம்.

அந்தம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?

செப்டம்பர் 3

அதே பக்கத்தைத் திறந்தேன். தலைப்பில் crontab, பக்கத்தில் அடைப்புக்குள் 1. கடைசியில், "இதையும் பார்க்க" என்ற இடத்தில் அதே பெயர், ஆனால் 5. பதிப்பு எண் என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன், மக்கு!

man man அடித்தேன், கையேட்டுக்கே ஒரு கையேடு. கையேடே பிரிவு பிரிவாக இருக்கிறது: 1 கட்டளைகள், 5 கோப்புகளை எழுதும் முறை, 8 நிர்வாகம். 6 விளையாட்டாம்! ஒரே பெயர் இரண்டு பிரிவில் இருந்தால், எண் சொல்லாதவரை முதலில் கிடைப்பதைத்தான் காட்டும்.

man 5 crontab. அங்கே இருந்தது — தேதி, கிழமை இரண்டும் போட்டால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடும். அப்படியானால் முதல் ஏழு நாளும், அது போதாதென்று எல்லாத் திங்களும்!

செப்டம்பர் 4

நானே போய்க் காட்டினேன். சார் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அஞ்சுன்னு நானும் சொல்லல. இனிமே நீயே பாத்துக்க." கிழமையை எடுத்துவிட்டு 1-7 தேதி மட்டும் வைத்தேன். அன்று திங்களா என்று கட்டளையே பார்த்து, ஆமென்றால் மட்டும் அனுப்பும்.

அக்டோபர் 1, புதன்

தேதி ஒன்றுதான், ஆனால் திங்கள் இல்லை. மெசேஜ் போகவில்லை, சரி!

அக்டோபர் 6, திங்கள்

போனது. காசம்மாள் வந்தார், பையில் இட்லி டப்பாவோடு. "உன் மெசேஜ எப்பிடி நம்பறது?" வலித்தது. நியாயம்தான்.

அக்டோபர் 13, திங்கள்

காலை ஏழு மணிக்குக் காசம்மாள் போன். "இன்னிக்குத் திங்கக்கெழம. மெசேஜ் வர்ல. அப்ப துன்னலாம்ல?"

"துன்னுங்கம்மா" என்றேன்.