பத்தில் ஒரு வீடு

விளாத்திகுளம்
14.7.2024

அன்புள்ள பேத்தி சுடலைச்செல்விக்கு,

ஆச்சி எழுதிக்கொண்டது. இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. காது மந்தமானதால் போனில் கத்த வேண்டியிருக்கிறது, கத்தினால் தெருவுக்கே தெரியும். அதனால்தான் காகிதம். அஞ்சாப்பு படித்தவள் என்றாலும் என் எழுத்து கோணாது.

காசநோய் எத்தனை உயிரைக் கொண்டுபோகிறது என்று கணக்கெடுக்கிறோம், செத்தவர் வீட்டில் கேட்டால்தான் தெரியும் என்று சித்திரையில் வந்தாய். மெட்ராஸ் ஆபீஸ் என் பேத்தியை நம்பி அனுப்பியிருக்கிறதே என்று எனக்குத் தலைகொள்ளாத பெருமை. உன் அத்தை முத்துச்செல்வி செத்தது மஞ்சள்காமாலையில் இல்லை, நம் வீட்டில் வந்து கிடந்து இருமி இருமி ரத்தம் துப்பித்தான் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். கோவில்பட்டியில் வாங்கிய மாத்திரையை மல்லிப்பொடி டப்பாவில் ஒளித்ததையும் சொன்னேன். வெளியே போகாது ஆச்சி என்று என் கையைப் பிடித்தாய்.

நேற்று அவளுக்கு மூன்றாம் வருஷத் திதி. மாப்பிள்ளை சாமித்துரை இலையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆபீஸ் பெண் செல்வமாரி போனைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்று, செத்துப்போன மகளுக்கு சளியில் ரத்தம் வந்ததா என்று கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டாள். இல்லை என்றேன்.

"போன தடவ வந்துச்சுன்னு சொல்லிருக்கியளே ஆச்சி" என்றாள்.

மாப்பிள்ளை பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அவரிடம் நான் சொன்னது காமாலைதானே.

என் பிள்ளையின் கதையை யாரிடமெல்லாம் விற்றாய்?

இப்படிக்கு,
உன் ஆச்சி மாரித்தாய்


சென்னை
22.7.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் விற்கவில்லை. அத்தை பெயர் எங்கும் இல்லை, ஓர் எண்தான். நீங்கள் சொன்னதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே படித்துக் காசநோய் என்று முடிவு செய்தார்கள். இருபத்தொன்பது வயதில் போனதால், அத்தை வாழாமல் போன வருஷங்கள் ஐம்பதுக்கு மேல் என்று கணக்கில் ஏறியது. அப்படிக் கூட்டிப் பார்த்தால்தான் இந்த நோய் எவ்வளவு பெரியது என்று தெரியும். காமாலை என்று விட்டிருந்தால் அத்தை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ஒழுங்காகக் கேட்டிருக்கிறோமா என்று பார்க்க, பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு ஆள் திரும்பப் போக வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் நம் வீடு விழுந்தது. செல்வமாரி பழைய பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது, அது அவள் தப்பு.

ஆனால் வருகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பதிலை மாற்றிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் ஆச்சி. தீபாவளிக்கு வருகிறேன்.

உங்கள்
செல்வி


விளாத்திகுளம்
11.8.2024

சுடலைச்செல்விக்கு,

மாப்பிள்ளை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன எனக்கும் இதே சீக்கு வந்துச்சுல்லா அத்த. எங்கம்மா இருமுதாளே, அவகிட்ட இருந்துதான் ஒட்டிச்சுன்னு தொழுவத்துல கொண்டுபோய்ப் போட்டேன். அவ சளியில ஒண்ணுமில்ல, வெறும் ஈளை இழுப்புதான்னு டாக்டர் சொன்னாவ. நான் நம்பல. செத்த பிறவுதான் வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு எல்லாம் கேட்டது.

அவருக்குச் சீக்கு வந்தது எனக்கு அப்போதே தெரியும். எங்கேயிருந்து வந்தது என்றும் தெரியும். சம்பந்தியம்மாள் மீனாட்சியம்மாளைத் தொழுவத்தில் போய்ப் பார்த்தேன். ரொட்டியும் பழமும் கொடுத்தேன். நான் என்ன பாவம் செய்தேன் மதினி என்று அவர் கேட்டபோது, அவர் கண்ணைத் துடைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நீ செய்ததை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. நான் பேத்தியிடம் சொன்னேன், ஆபீஸிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மீனாட்சியம்மாளுக்குக் காசநோய் இல்லை, அதனால் உங்கள் கணக்கில் வர மாட்டார். தனித் தட்டோடு மாட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது பதினான்கு மாதம். அதை எழுத ஓர் இடம் இருந்தால் எழுது. சொன்னது யார் என்று கேட்டால் எண் போடாதே, என் பெயரைப் போடு. சரிபார்க்க யார் வந்தாலும் வாசலில் வைத்தே சொல்வேன்.

நீ மட்டும் வர வேண்டாம். தீபாவளிக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
மாரித்தாய்