மழை நோட்டில் இருந்த இன்னொரு கையெழுத்து

"ஏ புள்ள, வெரசா எந்திரி, எட்டரைக்கு நான் சார் வீட்டுல இருக்கணும்" என்று கம்பளியை உருவி என்னை எழுப்பிய என் அம்மாவுக்கு,

நீ போய் இது இரண்டாவது ஐப்பசி. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதற்குள்ளேயே என் வெட்கக்கேடும் இருக்கிறது. நாலு பேர் இருந்த வீட்டில் செய்த தப்பு இது. நாலு பேர் படிக்கவே சொல்லிவிடுகிறேன்.

நாயுடுபுரத்துப் பேராசிரியர் சாரும் போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய கடிதங்கள், பாடக் குறிப்புகள், தினசரி மழை அளவைக் குறித்துவைத்த மழை நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க அவர் மனைவி டீச்சரம்மா முடிவு செய்தார். சாரின் காகிதங்களை அடுக்கிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். நீ பத்துப்பாத்திரம் தேய்த்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள், அம்மா. முதல் நாள் முழுக்க நின்றுகொண்டே அடுக்கினேன்.

மழை நோட்டைத் திறந்தால் உன் எழுத்து. சார் வெளியூர் போகும்போதெல்லாம் தோட்டத்து மழைமானியைப் பார்த்து எழுதியவள் நீ. அளவுக் குடுவைக்கு நேராகக் கண் வரும்படி குத்தவைத்து உட்காருவாய். "நின்னுக்கிட்டுப் பாத்தா அளவு தப்பும்டி" என்று கூட வந்த என்னிடம் சொல்வாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையின் கொட்டை கொட்டையான எண்கள். மழை இல்லாமல் பனிமூட்டம் மூடிக்கிடந்த நாளில் எண்ணுக்குப் பக்கத்தில் 'மஞ்சு'. நீ வர முடியாத நாளில் ஒரே சொல், 'பாக்கல'. நம்மூர் பேத்துப்பாறை ரோட்டில் மரம் விழுந்து பஸ் வராத அந்த நாலு நாளும் 'பாக்கல', 'பாக்கல'தான்.

காப்பகத்திலிருந்து ஓர் அதிகாரியும் ஓர் அக்காவும் வந்தார்கள். டீச்சரம்மா டீ போட உள்ளே போயிருந்தார். பேரிக்காய் அட்டைப்பெட்டிகளில் நான் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அந்த அக்கா சொன்னார்: "நல்லவேளை சார், இவ்வளவு மிஞ்சியிருக்கு. இந்த மாதிரி வீடுகள்ல வேலைக்காரங்க பாதிய வெந்நீர் அடுப்புல போட்டுருவாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அதிகாரி மழை நோட்டைப் புரட்டினார். "இங்க பாருங்க, அளவு பாக்காத அன்னைக்கு 'பாக்கல'ன்னே எழுதியிருக்கு. படிச்சவங்களே கூசாம ஒரு நம்பரப் போட்டு ரொப்பிருவாங்க. யாருங்க இது, சாரோட ஸ்டூடண்டா?" என்று என்னைக் கேட்டார்.

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "தெரியலங்க சார்" என்றேன்.

எல்லோரும் என்னைக் கூச்ச சுபாவம் என்பார்கள். கூச்சம் என்றால் வாய் மூடிக் கிடந்திருக்கும். என் வாய் பொய் சொன்னது. பஸ் கண்டக்டரிடம்கூட "எம்மக டிகிரி முடிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு போனவள் நீ. ஒருநாளாவது என்னைத் தெரியாது என்று சொல்லியிருப்பாயா?

போன வாரம் காப்பகத்திலிருந்து காகிதங்களின் பட்டியல் அச்சாகி வந்தது. டீச்சரம்மாவுக்குக் கண்ணில் புரை. "வாசிம்மா, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். மழை நோட்டுகளைப் பற்றிய இடம் வந்தது. 'இடையிடையே பெயர் தெரியாத உதவியாளரின் பதிவுகள்' என்று இருந்தது. அந்த வரியைத் தாண்டி அடுத்ததை வாசித்தேன்.

"மழை நோட்டுல உங்கம்மா பேரு வந்திருக்குமே?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவரும் எந்தக் கட்டுரையிலயும் உங்கம்மா பேரப் போடல. இதுலயாவது வரும்னு நெனச்சேன்" என்றார். பேனாவை மூடினார். "திருத்திக் கொண்டு வா. அதுவரைக்கும் ஒரு பெட்டியும் இங்கிருந்து நகராது."

காப்பகத்தில் திருத்தப் படிவம் கேட்டு வாங்கினேன். பெயர்: அந்தோணியம்மாள். பணி என்ற இடத்தில் 'ஆய்வு உதவியாளர்' என்று எழுதக் கை போனது. பார்க்காத நாளுக்கு ஓர் எண்கூடப் போடாத உன்னை நினைத்தேன். 'வீட்டு வேலை செய்தவர், மழை அளந்தவர்' என்று எழுதினேன். எழுதும்போதும் கை கூசியது, அம்மா. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் இருவரும் பெட்டிகளை எடுக்க வருகிறார்கள். படிவத்தை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்க மாட்டேன். அந்த அக்கா காதிலும் விழும்படி வாய் திறந்து சொல்வேன்: "சார், அது எங்கம்மா. இந்த வீட்டுல வேலை பாத்தவங்க."

'இத்தகவல் உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கடைசிக் கட்டம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அதை அவர்கள் கண் முன்னால் நிரப்புவேன். ஒரே சொல் போதும்: பார்த்தேன்.

பேத்துப்பாறை அந்தோணியம்மாளின் மகள்,
ஸ்டெல்லா