கழிமுகம் பார்த்த பொம்மை

மாமு,

புது மழைக்கோட்டைப் பிரித்தேன். குப்பென்று உன் அறையின் வாசனை. வினைல் வாசனை. உடனே அலமாரியில் இருக்கும் உன் பொம்மையைத் திரும்பிப் பார்த்தேன். செத்தவனுக்கு மடல் எழுதுவதெல்லாம் எனக்கு ஒத்துவராத வேலை. ஆனால் இதை வேறு யாரிடம் சொல்வது?

நெட்டுக்குப்பத்தில் உன் வீட்டு டிவிக்கு மேலே அந்த வினைல் பொம்மைகள் வரிசையாக நின்றிருக்கும். ஜப்பானில் யாரோ ஓர் ஓவியன் தன் பட்டறையில் கொஞ்சமாக வார்த்து, கையால் வண்ணம் தெளித்து, குலுக்கல் போட்டு விற்கும் உருவங்கள். "இந்த வயசுல பொம்ம வெச்சி ஆடறியே, வெக்கமா இல்ல?" என்று நான் கேட்டால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொம்ம இல்ல மாமு, செலை. பழைய உலகம் கோயில்ல கீது. இன்னிக்கு உலகம் இதுல கீது."

எனக்குப் புரியவில்லை, அந்தச் சாம்பல் நிறத்தான் வரும்வரை. மீன் வாய், ஒற்றைக் கண், முதுகில் புகைபோக்கி, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. கழிமுகத்துக்கு எடுத்துப்போய், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். "இத்த செஞ்சவன் நம்ம ஊரைப் பாத்ததே இல்லடா. எப்டிடா செஞ்சான்?" என்றாய்.

அதன் தலையைச் சுடுநீரில் இளக்கி, கழுத்தில் அழுத்தி மாட்டியிருப்பார்கள். லூசாக இருக்கிறதே, ஒட்டிவிடு என்றேன். நான் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவன், அப்படித்தான் சொல்வேன். "ஒட்டினா செத்துப்பூடும் மாமு" என்று சிரித்தாய்.

உன் சித்தப்பாவின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. அவர் நீந்தி வந்தார். நீ வரவில்லை. உடலும் வரவில்லை.

உன் போட்டோவுக்கு மாலை போட உன் அம்மா விடவில்லை. காரணம் அந்தப் பொம்மை. வாசலைப் பார்த்து வைத்தால், விடிந்ததும் தலை கழிமுகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. "டிரெய்லர் லாரி போற அதிர்வும்மா" என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் பொம்மையை என் கையில் திணித்தார்.

"நீ படிச்சவன். பொய் பேசத் தெரியாதவன்னு என் புள்ள சொல்லும். உன் வூட்ல வெச்சிப் பாரு. அங்கயும் திரும்பினா அவன் எங்கியோ கீறான். திரும்பலன்னா மாலை போட்டுடறேன்."

திருவொற்றியூரில் என் தெருவுக்குள் லாரி வராது. அலமாரியை ஆட்டிப் பார்த்தேன், தலை அசையவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். கழுத்தில் பென்சிலால் கோடு போட்டு, தலையைத் தெற்கே பார்க்க வைத்தேன்.

காலையில் தலை வடக்கே இருந்தது. கழிமுகம் அந்தப் பக்கம்தான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

உன் அம்மா போன் செய்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை, தினமும் முகத்துவாரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று உன் சித்தப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"இன்னாபா, திரும்புச்சா?"

பொம்மையைப் பார்த்தபடியே சொன்னேன். "இல்லம்மா. வெச்ச மாதிரியே கீது."

"நீ சொன்னா சரிதான்பா."

மாலை போட்டார். முகத்துவாரத்திலேயே காரியம் செய்தோம். இப்போது அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

அதற்குப் பிறகு தலை வடக்கே திரும்புவதில்லை மாமு. காலையில் கண் விழித்தால் என் கட்டிலைப் பார்க்கிறது. கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அங்கேயும் பார்க்கிறது. எனக்குப் பொய் வராது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நீ.

பசை வாங்கிவிட்டேன். மூடியையும் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் மூடிவிட்டேன்.

பார்த்துக்கொண்டே இரு. நான் ஒட்டமாட்டேன்.