கடைசி மாடியின் கூரை

அக்கா,

குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: செயலாளர், கீழ்வீட்டு வக்கீல், பல் டாக்டரம்மா, நான்.

அம்மா கட்டிலுக்கு மேல் கூரை ஒழுகுவதைச் சொன்னேன். பழுதுபார்க்க எல்லாரும் பங்கு போட வேண்டும் என்றேன். செயலாளர் சிரித்தார்.

"தம்பி, கடைசி மாடியில இருக்கறது நீங்க. ஒழுகறதும் உங்க தலையில. அப்போ கூரை உங்களோடதுதானே?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நைட் ஷிஃப்ட் வேலையை விட்டவன் பேச்சை எவன் மதிப்பான் என்று நேற்று கத்தினாயே, சரிதான்.

அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருக்கிறேன். சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடு. நீயும் சாப்பிடு.

பி.கு.: சைக்கிள் பூட்டுச் சாவி உன் தலையணைக்கு அடியில். யார் கேட்டாலும் கொடுக்காதே. செயலாளர் துணி காயப்போட மொட்டை மாடிக்கு வந்தார். "இது எங்க கூரை சார்" என்றேன். ஈரத்துணி வாளியோடு இறங்கினார். அவர் பின்னாலேயே மாடிக் கதவைச் சாத்தி, சைக்கிள் பூட்டைப் போட்டுவிட்டேன்.