அடியில் இரண்டு கோட்

பாய்,

இன்று காலை மாடிப்படியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "கோவத்தையெல்லாம் எழுதணுமா மாமா?" என்கிறாள். அதற்காகத்தானே எழுதச் சொல்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் நம்மைப்போலப் பெயிண்ட் அடிக்கிறவனை யாரும் வீட்டு வாசலில்கூட நிற்க விடவில்லை. ஈஜிபுராவில் ஒரே கட்டடத்தில் நீ மேல் வீடு, நான் கீழ் வீடு. அடுக்கி வைத்திருந்த காலி பெயிண்ட் டப்பாக்களில் மண்ணை நிரப்பி, மொட்டை மாடியில் கத்தரியும் அவரையும் தண்டுக்கீரையும் போட்டாய். இரண்டு வீட்டுச் சட்டியும் அதை நம்பித்தான் அடுப்பில் ஏறியது.

கத்தரியில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டபோது மருந்துக்கு எங்கே போவது? நீ நம் பழைய ரெண்டு இஞ்ச் பிரஷ்ஷை எடுத்தாய். துணி சோப்பைக் கரைத்து, கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டு, கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதுபோல இலை இலையாகத் துடைத்தாய். நான் மேலாக இழுத்துவிட்டு எழுந்தால் விடமாட்டாய்.

"மேல ஒரு கோட், அடியில ரெண்டு கோட். பூச்சி இன்னா, மூஞ்சிய காட்டிக்கினா உக்காந்திருக்கும், மேஸ்திரி?"

பூச்சி போய், பூவும் பிஞ்சுமாக நின்ற நேரத்தில்தான் நம் தெருவில் ஒருவருக்கு கொரோனா என்றார்கள். வீட்டு ஓனர் ஓடி வந்தான். படிக்கட்டுக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று உன் ஸ்பிரே பம்பைக் கேட்டான். நீ அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாய். மறுநாள் காலை மாடிக்குப் போனால், பிரைமர் அடித்த மாதிரி அத்தனை இலையும் வெளுத்துக் கிடந்தது. அவரைப் பூவெல்லாம் கருகிப்போயிருந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அவன் சொன்னான்:

"செடியில பூச்சி இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பூச்சியிலதானே கொரோனா இருக்கும்? ரெண்டும் ஒண்ணா ஒழியட்டும்னு பிளீச்சிங் தண்ணி அடிச்சேன்."

நான் கையை ஓங்கினேன். நீ பிடித்துக்கொண்டாய். "வுடு மேஸ்திரி. பயந்தவன் கையில பம்ப குடுத்துட்டோம்."

நீ விட்டாய். நான் விடவில்லை. அந்த வாரமே ஓனர் மாடிக்குப் பூட்டுப் போட்டான். வேலையும் இல்லை, செடியும் இல்லை என்று ஆனதும் நீ வீட்டைக் காலி செய்துகொண்டு, லாரி பிடித்து ஆம்பூருக்குத் தம்பி வீட்டுக்குப் போனாய். அடுத்த கொரோனா அலையில் அங்கேயே கண்ணை மூடிவிட்டாய். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கத்தரி காய்த்துக்கொண்டிருந்தால் நீ ஈஜிபுராவை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். பயந்து செய்தானாம். பயந்தவன் பூட்டு எதற்குப் போட்டான்?

இப்போது அதே மாடியில் ஓனர் தோட்டம் போட்டிருக்கிறான். பச்சைப் பை, சொட்டு நீர்க் குழாய், எல்லாம் உண்டு. போன வாரம் என்னை மேலே கூப்பிட்டான். கத்தரியில் மாவுப்பூச்சி.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பிரஷ்ல என்னமோ தொடைப்பீங்களே, அது இன்னாது? பாய் இருந்தா சொல்லியிருப்பாரு. ஊர்லேந்து வரவே இல்லியா அவரு?"

நீ இல்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை, பாய்.

"பாய் வரமாட்டாரு சார்," என்றேன். "நீங்க அன்னைக்கு அடிச்சீங்களே, அதையே அடிங்க. ஒண்ணும் மிஞ்சாது."

அவன் முகம் செத்துவிட்டது. திரும்பிக் கீழே இறங்கிப் போனான்.

நான்தான் தினமும் மாடிக்குப் போகிறேன், துணி காயப்போடுகிற சாக்கில். நீ ஆம்பூருக்குப் போன அன்று என் கையில் கொடுத்த அந்தப் பிரஷ் சட்டைப் பையில் இருக்கிறது. எறும்பு வரிசையாக ஏறுகிறது. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. பார்த்ததும் உன் குரல் கேட்கிறது: அடியில ரெண்டு கோட். கை தானாகப் பைக்குப் போகிறது. இன்னொரு கையால் அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பூச்சி அப்பிக் காய்ந்தது போக இன்னும் நாலு செடி பாக்கி இருக்கிறது, பாய்.