சேற்றில் உட்கார்ந்த இரண்டு படகுகள்

அன்பு மகன் ஆமோஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை வெர்டெலும் கொல்லையில் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், நீயும் உன் கப்பலும் தண்ணீருக்கு மேலேயே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. என் வலது கையில் கெளுத்தி முள் குத்திப் பன்ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது, டாக்டரம்மா மருந்து கொடுத்த பிறகு இப்போது வடிகிறது. நான் சொல்லச் சொல்ல வெர்டெல் எழுதுகிறாள். அப்பா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை, இன்னும் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது பார். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன்.

நீ போன கடிதத்தில் படகை லெமுவேல் சித்தப்பாவிடம் கொடுத்துவிடு, நீ தனியாக ஓடைக்குள் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அதே பேச்சை உன் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை சபைச் சாப்பாட்டில் எடுத்தார். தட்டில் சிவப்புச் சோறும் பொரித்த மீனும் வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "அண்ணி, அது எங்கண்ணன் தன் கையால செஞ்ச படகு. நீங்க அத சேத்துல உக்கார வெச்சுட்டு, தண்ணி எப்ப வரும்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கா செஞ்சாரு?" என்றார். இந்த வருஷத்தில் ஏற்கெனவே ஒரு தடவை சேற்றில் மாட்டிக்கொண்டது உண்மைதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னொரு தடவ உக்காந்தா நீயே எடுத்துக்க லெமுவேலு, போதுமா" என்று சொல்லிவிட்டேன். சபையை நடத்தும் டீக்கன்மாரின் மனைவிமார் அத்தனை பேரும் கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை எனக்குச் சமையல் வேலை இல்லை. வெர்டெலையும் கூட்டிக்கொண்டு புள்ளிவால் மீன் பிடிக்கப் போனேன். கடல் இறங்கும் நேரம், ஓடையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பெரிய ஓடையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் நம் கிளை ஓடையின் இரண்டாம் வளைவில், புல்லோரத்தில், புள்ளிவால் கூட்டம் முதுகு வெளியே தெரிய நண்டு தின்றுகொண்டிருந்தது. செம்புக் குடங்களைக் கவிழ்த்து வைத்தது போல வெயிலில் மின்னியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள், நீயே சொல். "போலாம்மா" என்று வெர்டெல் மெதுவாகச் சொன்னாள். தூண்டிலை ஓங்கிக்கொண்டு, இன்னும் ஒரு வீச்சு என்றேன். அப்புறம் இன்னும் ஒன்று. மூன்றாவது வீச்சில் படகின் அடி மெத்தையில் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது. கழியை ஊன்றித் தள்ளினால் கழிதான் உள்ளே போகிறது. இறங்கினால் இடுப்புவரை விழுங்கும் சேறு, அது உனக்குத் தெரியும். பயம் பிடித்துக்கொண்டது. சேறு பயமில்லை, படகு போச்சே என்றுதான்.

உன் சித்தப்பாவின் படகுத்துறையிலிருந்து அந்த வளைவு நேராகத் தெரியும். சற்று நேரத்தில் தன் பெரிய வெள்ளைப் படகில் இரட்டை மோட்டார் முழங்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணி, என் படகுல ரெண்டு பேரும் பத்திரமா இருக்கீங்களா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். என் படகாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெர்டெல்தான் கையை ஆட்டி ஆட்டி, வேண்டாம், அந்தப் பக்கம் சிப்பிப் படுகை இருக்கிறது என்று சைகை காட்டினாள். கடையில் உப்பு வாங்கினாலும் விரலால் காட்டுகிற பிள்ளைதானே. அவரோ தன்னை வரவேற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினார். கயிற்றை எங்கள் பக்கம் வீசப் படகைக் குறுக்கே திருப்பினார். அடியில் சிப்பிகள் நறநறவென்று அரைபட்டன. மோட்டார் இருமிவிட்டு நின்றது. அவர் நிமிர்வதற்குள் தண்ணீர் அவரைத் தாண்டிப் போய்விட்டது. எங்களுடையது சேற்றில், அவருடையது அதைவிட மேட்டில், மேசைமேல் வைத்த கேக் மாதிரி.

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்துக் குட்டையில் கிடந்த தூண்டிலை இழுத்தேன், சிரித்துக்கொண்டே கொக்கியில் மாட்டியிருந்த கெளுத்தியைப் பிடித்தேன். அந்தச் சிரிப்புக்குக் கிடைத்த கூலிதான் இந்தக் கை. சித்தப்பா அங்கிருந்தே, "கர்த்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு அண்ணி" என்றார். ஆனாலும் முள் குத்திய கையை நனைக்கத் தன் பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைக் கயிற்றில் கட்டி அனுப்பியவரும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் சோள ரொட்டியில் பாதி அதே கயிற்றில் அவருக்குப் போனது. கொசு மட்டும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது.

கடல் மறுபடி ஏறத் தொடங்கியபோது முதல் தண்ணீரோடு புள்ளிவால்களும் வந்தன. என்னால் தூண்டில் பிடிக்க முடியாது. வெர்டெல் ஒரு நண்டுத் துண்டைக் கோத்துப் புல்லோரமாகப் போட்டாள். தூண்டில் கழி வில்லாக வளைந்தது, படகே கொஞ்சம் நகர்ந்தது என்றால் நம்பு. மேலே எடுத்தபோது அந்த மீன் உறுமியது, அந்தப் பக்கம் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். படகின் உள்பக்கம் உன் அப்பா கத்தியால் கீறின இரண்டு கோடுகள் இருக்கின்றனவே, சட்டப்படி முதல் கோட்டுக்குச் சின்னதைப் பிடிக்கவும் கூடாது, இரண்டாவதுக்குப் பெரியதும் கூடாது என்று. இரண்டாவது கோட்டைத் தாண்டி வால் ஒரு விரல் அளவு போயிற்று. "ஒரு விரலுதானே புள்ள, வால மடக்கிக்க" என்றார் சித்தப்பா. வெர்டெல் அதைத் தண்ணீருக்குள் பிடித்து, மூச்சு வாங்கவிட்டு, அனுப்பிவிட்டாள்.

நம் படகு இலேசானது இல்லையா, அதுதான் முதலில் மிதந்தது. தண்ணீர் சிப்பிப் படுகைமேல் ஏற ஏற, அவருடைய கயிற்றை வாங்கி நம் பின்பக்கம் கட்டி, சின்ன மோட்டாரை வைத்து வெர்டெல் அந்த வெள்ளைப் படகைப் பெரிய ஓடைவரை இழுத்துவந்து விட்டாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சித்தப்பா, "இருந்தாலும் பேச்சு பேச்சுதான் அண்ணி. உக்காந்தா எனக்குன்னு சபையில சொல்லியிருக்கீங்க" என்றார். சொன்னது சொன்னதுதானே.

இந்த இடத்தில் இவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கூப்பிட்டு உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன். அப்போது உன் தங்கை, மோட்டாரைப் பிடித்தபடியே, தலையைக்கூடத் தூக்காமல், "சரி சித்தப்பா. உங்க படகும் உக்காந்துதே. அத எடுத்துக்க நாங்க எப்ப வரட்டும்?" என்றாள். படகு விஷயம் மறந்துவிட்டது அவருக்கு. "அண்ணி, இவ பேசுவாளா?" என்றார். பிறகு இரண்டு படகும் ஆட ஆட அவர் சிரித்த சிரிப்பில் புல்லில் இருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. படகு உங்களுடையதே, ஆனால் இவள் இல்லாமல் நீங்கள் போகக்கூடாது என்றார். ஒத்துக்கொண்டேன்.

ஆகையால் படகைக் கொடுக்கவில்லை மகனே, நீ நன்றாகத் தூங்கு. நேற்றும் போனோம். அதே வளைவில் அதே முதுகுகள். இன்னும் ஒரு வீச்சு என்று நான் வாயெடுப்பதற்குள் இவள் பேசாமல் படகைத் திருப்பிவிட்டாள். கொஞ்சம் முணுமுணுத்தேன், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு படுக்காதே, உன்னைக் காக்கிறவர் உறங்குவதில்லை. சித்தப்பாவுக்கு மறக்காமல் நாலு வரி எழுது, சிப்பி என்ற சொல் மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொள்.

இடது கையால் பெயரை மட்டும் கிறுக்கினாலும் முழு மனதோடு ஆசீர்வதிக்கும் உன் அம்மா,
எர்னஸ்டின்

அண்ணா, அம்மா தூங்கிவிட்டாள். இது நானாக எழுதுவது. அந்த மீன் கோட்டைத் தாண்டியது ஒரு விரல் அளவு இல்லை, ஒரு முழம். வெர்டெல்.